பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வழி

பெறுநர்: டி.டி.பி. மையங்கள், அச்சகங்கள், கணக்கர் அலுவலகங்கள் ஆகியவற்றில் கணினிகளுக்குப் பொறுப்பாக இருப்போர்; அவற்றுக்கு விண்டோஸ் போட்டுத்தரும் சர்வீஸ் கடைக்காரர்கள்.

பொருள்: விண்டோஸ் 11-இலிருந்து விண்டோஸ் 10-க்குத் திரும்புதல். முறைகள், எல்லைகள், முன்னேற்பாடுகள்.



விண்டோஸ் 11-க்கு ஏற்றிய கணினியை மறுபடி விண்டோஸ் 10-க்குக் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஏற்றிய சில நாள்களுக்குள் விண்டோஸே தரும் ‘கோ பேக்’ வசதி. இரண்டாவது, சி டிரைவை ஃபார்மட் அடித்துப் பழைய பதிப்பைப் புதிதாக நிறுவுவது. மூன்றாவது, ஏற்றுவதற்கு முன் எடுத்துவைத்த முழு டிஸ்க் நகலை அப்படியே திரும்பப் போடுவது. முதல் வழி 10 நாளில் மூடிக்கொள்ளும். மூன்றாவது வழி நகல் எடுத்து வைத்தவருக்கு மட்டுமே திறக்கும். இரண்டும் கைகொடுக்காதவருக்கு ஃபார்மட்தான் மிச்சம். வேலையும் இழப்பும் அதில்தான் அதிகம். எனவே ஒரு கணினி எவ்வளவு சுலபமாகத் திரும்பும் என்பது, அது மேலேறிய நாளிலேயே முடிவாகிவிடுகிறது. கீழே வரும் விவரங்கள் அனைத்தும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே அமைகின்றன.

திரும்புவதற்கு முன், திரும்பத்தான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். கடைக்கு வரும் கோளாறுகளில் பலவற்றுக்கு இயங்குதளப் பதிப்பு காரணமாக இருப்பதில்லை. மாதாந்தர அப்டேட் ஒன்றுக்குப் பிறகு பிரின்டர் நின்றுபோனால், அந்த அப்டேட்டை மட்டும் நீக்கினால் போதும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குள் அப்டேட் ஹிஸ்டரி என்ற பக்கம் இருக்கும். அதன் அடியில் அப்டேட்டுகளை நீக்கும் வாய்ப்பு உண்டு. கணினி திரையே காட்டாமல் நின்றுவிட்டாலும், மீட்புத் திரையிலிருந்து கடைசி அப்டேட்டை நீக்க முடியும். புதிய டிரைவரால் வந்த கோளாறு என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் பண்புப் பக்கத்தைத் திறந்து ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தானை அழுத்தினால் முந்தைய டிரைவர் வந்துவிடும். சிஸ்டம் ரிஸ்டோர் என்ற வசதி கணினியைச் சில நாள் முந்தைய அமைப்புக்குக் கொண்டுபோகும். ஆனால் அது விண்டோஸ் 11-ஐ விண்டோஸ் 10 ஆக்காது. இந்த மூன்றையும் பார்த்த பிறகும் சிக்கல் தீராவிட்டால்தான் பதிப்பை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

உண்மையாகவே பதிப்பை மாற்ற வேண்டிய நிலைமைகளும் உண்டு. விண்டோஸ் 11 2021 அக்டோபர் 5-ஆம் தேதி வெளியானது. அதற்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் வசதியுள்ள யு.இ.எஃப்.ஐ., 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பிடம், பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் ஆகியவை தேவை. இந்தச் சோதனையை ஏமாற்றி, ஆறாம் ஏழாம் தலைமுறைக் கணினிகளில் விண்டோஸ் 11 போட்டுத்தரும் வழக்கம் கடைகளில் பரவியிருக்கிறது. அப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. இரண்டாவது காரணம் பழைய மென்பொருள். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. 64-பிட் விண்டோஸ் எதிலும் 16-பிட் நிரல்கள் ஓடா. டாஸ் காலத்துக் கணக்கு நிரலையோ, விண்டோஸ் 3.1 காலத்து நிரலையோ இன்றும் நம்பியிருக்கும் அலுவலகத்துக்கு 32-பிட் விண்டோஸ் 10-தான் அவை நேரடியாக ஓடும் கடைசிப் படி. மூன்றாவது காரணம் கருவிகள். பழைய ஸ்கேனர், பிளேட் மேக்கர், மென்பொருளோடு வரும் டாங்கிள் ஆகியவற்றின் டிரைவரைத் தயாரிப்பாளர் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால், அந்தக் கருவி புதிய விண்டோஸில் உறங்கிவிடும்.

தமிழ் டி.டி.பி. துறையில் மட்டும் இன்னொரு காரணம் அடிக்கடி சொல்லப்படுகிறது: “விண்டோஸ் மாற்றியதும் தமிழ் எழுத்தெல்லாம் கெட்டுவிட்டது.” இதில் பெரும்பாலும் இயங்குதளம் குற்றவாளி அல்ல. பேஜ்மேக்கர் 7.0 2001-இல் வெளியானது; அடோபி அதை 2004-லேயே கைவிட்டது. அதற்கு யூனிகோட் தெரியாது. அதில் தட்டப்பட்ட தமிழ், டாம், டாப், பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் இருக்கிறது. அதாவது கோப்புக்குள் கிடப்பவை ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள், அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது எழுத்துரு மட்டுமே. ஃபார்மட் அடிக்கும்போது சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையும் அழிகிறது. அதே எழுத்துருக் கோப்பைத் திரும்பப் போடாதவரை, பத்தாண்டு உழைப்பில் சேர்ந்த பக்கங்கள் எந்த விண்டோஸில் திறந்தாலும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும்.

யூனிகோட் கோப்புகளிலும் இதுபோன்ற ஒரு சிறு சங்கடம் உண்டு. விண்டோஸ் 2000-இலிருந்து கூடவே வந்த லதா எழுத்துருவும், விண்டோஸ் 7-இல் சேர்ந்த விஜயாவும், விண்டோஸ் 10 முதல் கூடுதல் எழுத்துருத் தொகுப்பாக ஒதுக்கப்பட்டுவிட்டன. புதிதாக நிறுவிய கணினியில் தமிழ் மொழியைச் சேர்க்காதவரை அவை இரா. லதாவில் அமைத்த வேர்டு கோப்பு நிர்மலா எழுத்துருவில் திறக்கும். வரி நீளம் மாறும், பக்கம் தள்ளும். ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்பதைச் சேர்த்தால் தீர்ந்தது. இதற்காக விண்டோஸை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

இனி முதல் வழி. விண்டோஸ் 10 இருந்த கணினியை அப்டேட் வழியாக விண்டோஸ் 11-க்கு ஏற்றும்போது, பழைய இயங்குதளம் முழுவதும் சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற கோப்புறையில் வைக்கப்படுகிறது. பல ஜி.பி. இடத்தை அடைத்துக்கொள்ளும் இந்தக் கோப்புறைதான் திரும்பும் வழி. விண்டோஸ் 10 வெளிவந்த 2015-இல் இதற்கு 30 நாள் அவகாசம் இருந்தது. 2016-இல் வந்த ஆண்டுவிழா அப்டேட்டில் அது 10 நாளாகக் குறைந்தது. கெடு முடிந்ததும் விண்டோஸ் அந்தக் கோப்புறையைத் தானே அழித்துவிடும். டிஸ்க் கிளீனப்பில் ‘முந்தைய விண்டோஸ் நிறுவல்கள்’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்து இடம் காலி செய்தாலும் போய்விடும். புதிய விண்டோஸ் போட்ட கையோடு சி டிரைவைச் சுத்தம் செய்து கொடுப்பது கடைக்காரரின் நல்ல எண்ணம்தான். ஆனால் வாடிக்கையாளர் திரும்பிவரும் வழியை அது அடைத்துவிடுகிறது.

அவகாசத்தை நீட்டிக்கவும் வழி உண்டு. நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் டிஸ்ம் என்ற கருவியைக் கொண்டு இந்தக் காலத்தை 60 நாள்வரை உயர்த்தலாம். கெடு முடிவதற்கு முன் செய்தால்தான் பலன். அழிந்த கோப்புறையை இந்தக் கட்டளை மீட்டுத் தராது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விண்டோஸ் 11-க்கு ஏறிய பிறகு, அதே விண்டோஸ் 11-இன் அடுத்த பெரிய பதிப்பு முழுமையாக நிறுவப்பட்டால், விண்டோஸ்.ஓல்டு கோப்புறையில் இருந்த விண்டோஸ் 10 போய், முந்தைய விண்டோஸ் 11 அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பின்வாங்கினால் ஒரு படிதான் இறங்க முடியும்.

‘கோ பேக்’ வசதி செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்ற பக்கத்தில் இருக்கிறது. ‘கோ பேக்’ பொத்தான் மங்கலாகத் தெரிந்தால் கெடு முடிந்தது என்றோ கோப்புறை இல்லை என்றோ பொருள். அழுத்தினால் கணினி காரணம் கேட்கும். அதற்குப் பதில் அப்டேட் பார்க்கலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கும். பழைய விண்டோஸில் பயன்படுத்திய கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று எச்சரிக்கும். இந்த எச்சரிக்கையைப் படிக்காமல் கடப்பது வழக்கம். மேலேறிய பிறகு கடவுச்சொல்லை மாற்றியவர்கள், திரும்பிய பிறகு பழையது தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். லேப்டாப்பை மின்இணைப்பில் வைத்திருக்க வேண்டும். ஏற்றிய பிறகு புதிதாக உருவாக்கிய பயனர் கணக்குகளை முதலில் நீக்க வேண்டும். முடிவில் ஆவணங்களும் படங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஏற்றிய பிறகு நிறுவிய மென்பொருள்களும் மாற்றிய அமைப்புகளும் போய்விடும்.

கோப்புகள் இருக்கும் என்பதற்காக பேக்கப் எடுக்காமல் இந்தப் பொத்தானை அழுத்தக் கூடாது. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, டாக்குமென்ட்ஸ் போன்ற கோப்புறைகளை வேறிடத்துக்கு மாற்றி வைத்திருந்த சில பயனர்களின் பழைய இடத்துக் கோப்புகளை அழித்தது. சில நாள்களிலேயே மைக்ரோசாஃப்ட் விநியோகத்தை நிறுத்தியது. திருத்திய பதிப்பு நவம்பர் 13-ஆம் தேதிதான் வந்தது. கோப்பை இழந்தவர்களிடம், கணினியை முடிந்தவரை பயன்படுத்தாமல் வைக்கும்படி நிறுவனம் சொன்னது. எழுதப்படும் ஒவ்வொரு புதிய கோப்பும் அழிந்ததை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும் என்பதே காரணம். இயங்குதளம் பின்வாங்குவது வேறு, கோப்புக்குக் காப்பு இருப்பது வேறு.

இரண்டாவது வழியான ஃபார்மட்டில் நிறுவும் நேரத்தைவிட முன்னேற்பாட்டுக்கே அதிக நேரம் செலவிட வேண்டும். புதிய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் பழைய விண்டோஸின் நிறுவியை ஓட்டினால், மென்பொருள்களை வைத்துக்கொண்டே கீழிறங்கும் வாய்ப்பை அது தராது. ஆகவே எல்லாம் போகும் என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

எடுத்துவைக்க வேண்டியவற்றில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவை எல்லாருக்கும் நினைவிருக்கும். மறந்துபோகிறவை வேறு: எழுத்துருக் கோப்புகள், தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் நிறுவி, பேஜ்மேக்கர் செருகுநிரல்கள், டாங்கிள் டிரைவர், அவுட்லுக்கின் பி.எஸ்.டி. கோப்பு, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறை, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான மென்பொருள். டேலி போன்ற மென்பொருள்களில் லைசென்ஸை முதலில் சரண்டர் செய்துவிட்டு ஃபார்மட் அடிப்பது முறை. அடோபி போன்றவற்றில் கணக்கிலிருந்து வெளியேறிவிட வேண்டும்.

ஒன்டிரைவ் வைத்திருப்போர் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். பல கணினிகளில் டெஸ்க்டாப்பே ஒன்டிரைவுக்குள் இருக்கிறது; கோப்பின் பக்கத்தில் மேகக் குறி இருந்தால், அந்தக் கோப்பு கணினியில் இல்லை, பெயர் மட்டுமே இருக்கிறது. இணையமில்லாத நேரத்தில் அந்தக் கோப்புறையை ஹார்டு டிஸ்குக்கு நகலெடுக்க முயன்றால் கோப்புகள் வந்து சேரா. எல்லாவற்றையும் இறக்கி, நகலெடுத்து, வேறொரு கணினியில் நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே டிஸ்கைத் தொட வேண்டும்.

அடுத்தது பிட்லாக்கர். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. பயாஸில் ஒரு மாற்றம் செய்தாலே 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கு யார் பெயரில், எந்தக் கைப்பேசி எண்ணில் உள்ளது என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் பூட்டை நீக்கிவிடுவது அதைவிட நல்லது. சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடித்துவிட்டு, பூட்டப்பட்ட டி டிரைவைத் திறக்க எண் இல்லாமல் தவிப்பது இதில் வரும் பெரிய இழப்பு.

நிறுவ 8 ஜி.பி. பென் டிரைவும், மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் கருவியும் போதும். அதே பென் டிரைவில், அல்லது இன்னொன்றில், அந்த மாடலுக்கான விண்டோஸ் 10 டிரைவர்களையும் வைத்துக்கொள்ள வேண்டும். குறிப்பாக வைஃபை டிரைவர்: அது இல்லாவிட்டால் இணையம் இராது, இணையம் இல்லாவிட்டால் மற்ற டிரைவர்களையும் இறக்க முடியாது. இன்டெல் பதினோராம் தலைமுறை முதலான லேப்டாப்களில் இன்னொரு தடை வரும். நிறுவி ஓடத் தொடங்கி, எந்த டிஸ்கில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரையில் டிஸ்கே தெரியாது. பட்டியல் வெறுமையாக இருக்கும். டிஸ்க் பழுது என்று முடிவுகட்டி லேப்டாப்பைப் பிரிக்க வேண்டியதில்லை. வி.எம்.டி. என்ற இன்டெல் சேமிப்பக ஏற்பாட்டுக்கான டிரைவர் அந்த நிறுவியில் இல்லாததே காரணம். தயாரிப்பாளர் தளத்திலிருந்து அதற்கான ஆர்.எஸ்.டி. டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் வைத்து, அதே திரையில் ‘லோடு டிரைவர்’ என்பதை அழுத்திக் காட்டினால் டிஸ்க் தெரிந்துவிடும்.

பதிப்பின் பெயரும் பொருந்த வேண்டும். இந்தியாவில் விற்கும் லேப்டாப்கள் பலவற்றில் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்ற வகைதான் வருகிறது. அதில் புரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. முன்பு முறைப்படி ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 இருந்த கணினி என்றால், நிறுவும்போது கீ கேட்கும் இடத்தில் ‘என்னிடம் கீ இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதே வகையைப் போட்டால் இணையத்தில் சேர்ந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். அந்த மதர்போர்டின் அடையாளம் மைக்ரோசாஃப்டின் பதிவில் இருக்கிறது. கடையில் வாங்கும்போதே விண்டோஸ் 11 இருந்த கணினியின் கதை வேறு. லைசென்ஸ் ஒப்பந்தப்படி கீழிறங்கும் உரிமை புரோ வகைக்கு உண்டு; ஹோம் வகைக்கு இல்லை.

இந்த வேறுபாடு புதியதன்று. 2007 ஜனவரி 30-இல் விஸ்டா கடைக்கு வந்தபோது, அதன் வேகமும் டிரைவர் சிக்கலும் பிடிக்காமல் எக்ஸ்பி-க்குத் திரும்பியவர்கள் ஏராளம். அப்போதும் பிசினஸ், அல்டிமேட் வகைகளுக்கு மட்டுமே எக்ஸ்பி புரொஃபஷனலுக்கு இறங்கும் உரிமை இருந்தது. ஹோம் வகை வாங்கியவருக்கு இல்லை. எக்ஸ்பி போட்ட புதிய கணினிகளின் விற்பனையை 2008 ஜனவரியோடு நிறுத்த நினைத்த மைக்ரோசாஃப்ட், வாடிக்கையாளர் நெருக்கடியால் ஜூன் 30 வரை நீட்டியது. அலுவலகத்துக்குக் கணினி வாங்கும்போது சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்துப் புரோ வகை வாங்குவதன் பயன்களில் இந்த உரிமையும் ஒன்று.

மூன்றாவது வழி முழு டிஸ்க் நகல். குளோன்சில்லா போன்ற இலவசக் கருவியைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்து தொடங்கி, டிஸ்க் முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு படிமமாக எடுத்து வைக்கலாம். திரும்ப வேண்டும் என்றால் அதே படிமத்தை மறுபடி டிஸ்கில் இறக்கினால் போதும்: விண்டோஸ், மென்பொருள், லைசென்ஸ், எழுத்துரு, மேசைப் படம் உட்பட எல்லாம் அந்த நாளில் இருந்தபடி வந்துவிடும். படிமம் எடுத்த பிறகு செய்த வேலை மட்டும் அதில் இராது. அதை முதலில் தனியே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். இதைவிடச் சுலபமான மாற்று, புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி அதில் புதிய விண்டோஸ் போடுவது. பழைய டிஸ்கைக் கழற்றி, தேதியும் கணினியின் பெயரும் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, பீரோவில் வைத்துவிடலாம். திரும்புவது என்பது அப்போது ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேலையாகிவிடும்.

எந்த வழியில் போனாலும் வன்பொருள் ஓர் எல்லையை வகுத்துவிடுகிறது. விண்டோஸ் 7-இன் நிறுவியில் யு.எஸ்.பி. 3.0-க்கும் என்.வி.எம்.இ. டிஸ்குக்கும் டிரைவர் கிடையாது. ஆறாம் தலைமுறை முதலான இன்டெல் கணினிகளில் அதை ஓட்டினால் முதல் திரையிலேயே மவுஸும் கீபோர்டும் அசையாமல் நின்றுவிடுவது இதனால்தான். ஏழாம் தலைமுறை இன்டெல், ரைசன் பிராசஸர்களில் ஓடும் விண்டோஸ் 7-க்கு 2017 முதல் அப்டேட்டையே மைக்ரோசாஃப்ட் தடுத்தது. பன்னிரண்டாம் தலைமுறை முதல் இன்டெல் சில்லுகளில் வேகமான கோர்களும் சிக்கனமான கோர்களும் கலந்திருக்கின்றன. வேலையை இவற்றுக்கிடையே சரியாகப் பங்கிடும் ஏற்பாடு விண்டோஸ் 11-க்காகவே செம்மை செய்யப்பட்டது. அந்தக் கணினியில் விண்டோஸ் 10 ஓடும்; ஆனால் வாங்கிய காசுக்கான முழு வேகம் கிடைக்காமல் போகலாம்.

மேக் கணினிகளில் விதி இன்னும் கறாரானது. ஒரு மேக், தான் விற்பனைக்கு வந்த பதிப்புக்குக் கீழே இறங்காது. அதற்கு மேலுள்ள பழைய பதிப்புக்கு இறங்கவும் டிஸ்கை அழித்துத்தான் நிறுவ வேண்டும். இன்டெல் மேக்குகளில் தொடங்கும்போது ஷிஃப்ட், ஆப்ஷன், கமாண்ட், ஆர் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால், வாங்கியபோது இருந்த பதிப்போ அதற்கு நெருக்கமானதோ இணையத்திலிருந்து வரும். ஐபோனில் பழைய பதிப்புக்கு ஆப்பிள் கையொப்பமிடுவதை நிறுத்திய நொடியில் கதவு மூடிவிடும். லினக்ஸிலும் உபுன்டு போன்றவை பதிப்பு இறக்கத்தை ஆதரிப்பதில்லை; ஆனால் ஹோம் கோப்புறையைத் தனிப் பார்ட்டிஷனில் வைத்திருப்பவருக்குப் புதிதாக நிறுவுவது பெரிய பாரமில்லை.

கோப்புகளுக்கும் இந்த ஒருவழிப் பழக்கம் உண்டு. புதிய பதிப்பில் திறந்ததும் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் தரவுகளைப் பழைய பதிப்பு ஏற்காது. மேக்கின் புகைப்படத் தொகுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஃபயர்ஃபாக்ஸ், 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து, புதிய பதிப்பு பயன்படுத்திய பயனர் விவரத்தைப் பழைய பதிப்பில் திறக்க மறுத்து, புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொல்கிறது. கணக்கு மென்பொருளிலும் இதே நிலை. ஆதலால் எடுத்துவைக்கும் நகல், மேலேறுவதற்கு முந்தைய நகலாக இருக்க வேண்டும். மேலேறிய பின் எடுத்த நகல் கீழே வந்ததும் உதவாமல் போகலாம்.

நிறுவனங்கள் இப்படிக் கதவடைப்பதற்கு வியாபாரம் மட்டுமே காரணமல்ல. பழைய பதிப்பில் ஊரறிந்த ஓட்டைகள் இருக்கின்றன; கணினியைப் பழைய பாகங்களுக்கு இறக்கிவிட்டால் அடைத்த ஓட்டைகள் எல்லாம் மறுபடி திறக்கும். 2024 ஆகஸ்டில் பிளாக் ஹாட் மாநாட்டில் சேஃப்பிரீச் நிறுவனத்தின் ஆய்வாளர் அலோன் லெவியெவ் இதைத்தான் செய்துகாட்டினார்: எல்லா அப்டேட்டும் போடப்பட்டதாகக் காட்டும் விண்டோஸின் உள்பாகங்களை அதற்குத் தெரியாமலே பழையவையாக மாற்றி, சரிசெய்த குறைகளை உயிர்ப்பித்தார்.

ஆகவே எங்கே திரும்புகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எக்ஸ்பி-க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-லும் முடிந்தன. விண்டோஸ் 10-க்கு மட்டும் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. தனிப்பயனருக்கு 2026 அக்டோபர் 13 வரை அது கிடைக்கும். கணினி 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அமைப்புகளை ஒன்டிரைவில் பேக்கப் செய்வோருக்கு இலவசம். இல்லையேல் 30 டாலர். டொமைனில் சேர்த்த அலுவலகக் கணினிகள் இதில் சேரா. அவற்றுக்கு முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், பிறகு ஒவ்வோர் ஆண்டும் இருமடங்கு, அதிகபட்சம் மூன்று ஆண்டு. டிஃபெண்டரின் வைரஸ் அடையாளங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்றாலும், அது திருடனை அடையாளம் காட்டுமே தவிர இயங்குதளத்தின் ஓட்டையை அடைக்காது.

ஆதரவு முடிந்த பதிப்பின் அபாயத்துக்கு 2017 மே 12 அன்று பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் சாட்சி. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் வரை முடங்கின. ஆதரவு முடிந்து மூன்றாண்டு ஆன எக்ஸ்பி-க்கும் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. ஆனால் பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அப்போது அதற்கு ஆதரவு இருந்தது, ஓட்டையை அடைக்கும் திருத்தமும் மார்ச் 14-லேயே வந்திருந்தது. போடாமல் விட்டதுதான் குறை. பழைய பதிப்புக்குத் திரும்பி, அது மறுபடி மேலேறிவிடக் கூடாதே என்று அப்டேட்டையே மொத்தமாக அணைத்து வைப்பவர்கள் இதே தவற்றைச் செய்கிறார்கள். விண்டோஸ் 11-க்கான அழைப்பை மட்டும் மறுத்துவிட்டுப் பாதுகாப்பு அப்டேட்டுகளை வரவிடலாம். புரோ வகையில் குரூப் பாலிசி வழியாக எந்தப் பதிப்பில் நிற்க வேண்டும் என்று குறித்துவைக்கவும் முடியும்.

ஒரே ஒரு பழைய மென்பொருளுக்காக முழுக் கணினியையும் பழையதாக்க வேண்டுமா என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பல இடங்களில் வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் வர்ச்சுவல்பாக்ஸிலோ, புரோ வகையோடு வரும் ஹைப்பர்-வி-யிலோ பழைய விண்டோஸை ஒரு மெய்நிகர் கணினியாக ஓட்டலாம். பேஜ்மேக்கர் அதற்குள் இருக்கும், மின்னஞ்சலும் வங்கி வேலையும் வெளியே புதிய விண்டோஸில் நடக்கும். யு.எஸ்.பி. டாங்கிளை வர்ச்சுவல்பாக்ஸுக்குள் கொடுக்கவும் முடியும். பேரலல் போர்ட் கருவி போன்று மெய்நிகர் கணினிக்குள் வராதவற்றுக்குத் தனியாக ஒரு பழைய கணினியை ஒதுக்கி, நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு வைக்கலாம். கோப்பு பென் டிரைவில் போய்வரும்; அந்தப் பென் டிரைவை ஒவ்வொரு முறையும் புதிய கணினியில் ஸ்கேன் செய்ய வேண்டும்.

இவற்றையெல்லாம் தொகுத்தால், மேலேற்றும் நாளில் செய்ய வேண்டியவை ஐந்து. முழு டிஸ்க் படிமம் எடுப்பது, அல்லது பழைய டிஸ்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திப் புதிய எஸ்.எஸ்.டி.-யில் நிறுவுவது. எழுத்துரு, டிரைவர், நிறுவிகள் ஆகியவற்றைத் தனிக் கோப்புறையில் சேர்ப்பது. பிட்லாக்கர் எண், மைக்ரோசாஃப்ட் கணக்கு, பழைய கடவுச்சொல், விண்டோஸ் வகை ஆகியவற்றைத் தாளில் எழுதி வைப்பது. ஏற்றிய உடனே பின்வாங்கும் அவகாசத்தை 60 நாளாக உயர்த்தி, அதுவரை டிஸ்க் கிளீனப்பில் கைவைக்காமல் இருப்பது. முதல் வாரத்திலேயே பிரின்டர், ஸ்கேனர், டாங்கிள், பேஜ்மேக்கர், கணக்கு மென்பொருள் என ஒவ்வொன்றையும் ஒருமுறை இயக்கிப் பார்ப்பது. மாதக் கடைசியில்தான் தேவைப்படும் என்று ஒரு மென்பொருளைத் திறக்காமல் விட்டால், அது ஓடவில்லை என்பது கெடு முடிந்த பிறகே தெரியவரும். கடைக்காரர்கள் இந்த ஐந்தையும் ஒரு படிவமாக அச்சிட்டு, வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் கையில் கொடுத்து, ஒரு பிரதியைத் தாங்களும் வைத்துக்கொள்வது இருதரப்புக்கும் நல்லது.

இங்ஙனம்,
கணினிப் பராமரிப்புத் துறையிலிருந்து ஒருவர்